பாரடைஸ்: அடையாளம் காட்டும் விரல்

பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ படம் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் பல, அதை ஒரு தம்பதியின் கதையாகவே எடுத்துக்கொண்டன. விடுமுறைக்கு இலங்கை வந்த ஒரு மலையாளி கணவனும் மனைவியும் ஒரு கொள்ளைச் சம்பவத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் வேறு கண்களால் பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பார்வை அவர்களது மணவாழ்க்கையையே அரித்துவிடுகிறது. இப்படி வாசிப்பதில் தவறில்லை. படமும் பெரும்பாலான நேரம் அவர்களோடுதான் இருக்கிறது.

ஆனால் மடுல்சீமையில், லயத்து வீடொன்றில் இருந்து அதே படத்தைப் பார்க்கும்போது கண் வேறொரு இடத்துக்குப் போகிறது. திருட்டுக் குற்றச்சாட்டில் பொலிஸ் நிலையத்துக்கு இழுத்துவரப்பட்டு, அந்தத் தம்பதியின் முன்னால் நிறுத்தப்படும் தோட்டத்துத் தமிழர்கள் மீது அது நிலைத்துவிடுகிறது. “இவர்கள்தானா?” என்று கேட்கப்படுகிறது. பதிலுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் இந்தப் படத்தின் உண்மையான திகில் இருக்கிறது. துப்பாக்கிச் சத்தமோ இருட்டில் யாரும் பாய்ந்து வருவதோ தராத பயத்தை, ஒரு படித்த மனிதனின் “ஆம்” என்ற சொல் தந்துவிடுகிறது.

இந்தப் படத்தின் நடிகர்கள் அந்தச் சொல்லைச் சுற்றி என்ன செய்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியும், அந்தச் சொல் விழும் உடல்களைப் படம் எந்த அளவுக்குப் பார்க்கிறது என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். முடிவைச் சொல்லப்போவதில்லை. படம் பார்க்காதவர்கள் தயங்காமல் வாசிக்கலாம்.

படமும் இயக்குனரும்

‘பாரடைஸ்’ 2023 ஒக்டோபரில் தென்கொரியாவின் பூசான் சர்வதேசத் திரைப்பட விழாவில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. அங்கே கிம் ஜிசோக் விருதைப் பெற்றது. 2024 ஜூன் 28ஆம் திகதி இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. நியூட்டன் சினிமா தயாரித்தது. மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் வழங்கியது. கதையை விதானகேயும் அனுஷ்கா சேனாநாயக்கவும் எழுதினார்கள். ஒளிப்பதிவு ராஜீவ் ரவி, படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத், ஒலி வடிவமைப்பு தபஸ் நாயக், இசை ‘கே’. மலையாளம், ஆங்கிலம், சிங்களம், தமிழ், ஹிந்தி என ஐந்து மொழிகள் படத்தில் கேட்கின்றன.

விதானகே நமக்குப் புதியவரல்ல. 1997இல் எடுத்த ‘புரஹந்த கலுவர’ படத்தில், போரில் இறந்ததாகச் சொல்லி அனுப்பப்பட்ட மகனின் மூடிய சவப்பெட்டியை நம்ப மறுக்கும் கண்பார்வையற்ற சிங்களத் தந்தையின் கதையைச் சொன்னார். 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் அந்தப் படத்தின் திரையிடலைத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது வெளியே வந்தது. 2003இல் ‘இர மதியம’, 2012இல் ‘ஒப நதுவ ஒப எக்க’, 2019இல் ‘காடி’ என்று அவர் தொடர்ந்து எடுத்த படங்களில், அதிகாரத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட தனிமனிதனின் மனச்சாட்சி திரும்பத் திரும்ப வருகிறது.

அந்த வரிசையில் ‘பாரடைஸ்’ ஓர் இடத்தில் வேறுபடுகிறது. இதில் மனச்சாட்சிக்குச் சோதனை வரும் மனிதன் இந்த நாட்டுக்காரன் அல்ல. வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி.

2022 ஜூன்

கதை நடக்கும் காலம் 2022 ஜூன். அந்த மாதம் எப்படி இருந்தது என்று உள்ளூர் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசை. மருந்துத் தட்டுப்பாடு. மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு. ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார்.

தோட்டங்களில் அந்த மாதங்கள் வேறொரு கணக்கில் நகர்ந்தன. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபா நாட்சம்பளம்தான் அப்போதும். அதுவும் குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால்தான். ரொட்டியை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கோதுமை மாவின் விலை கைக்கெட்டாமல் போனது. கடைசிக் கிண்ணம் மாவை யாருக்குப் பிசைவது என்று யோசித்த வீடுகளை எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் கேசவும் அம்ரிதாவும் தங்களது ஐந்தாவது திருமண நாளைக் கொண்டாட இங்கே வருகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை நெருக்கடி என்பது வாகனத்தின் கண்ணாடிக்கு வெளியே கடந்துபோகும் ஒரு காட்சி. நாடு விழுந்து கிடப்பதால் விடுமுறை மலிவாகிறது. மலையில் அழகான விடுதி, சமைத்துப் போட ஆட்கள், சுற்றிக்காட்ட ஒரு வழிகாட்டி, போகும் இடமெல்லாம் இராமாயணக் கதை. அந்தச் சூழலில் ஒரு நல்ல செய்தியும் கேசவுக்குக் கிடைக்கிறது: அவன் காத்திருந்த வெப் தொடர் வாய்ப்பு கைகூடுகிறது.

அன்றிரவு விடுதிக்குள் ஆட்கள் புகுந்து, துப்பாக்கியைக் காட்டி, மடிக்கணினியையும் கைத்தொலைபேசிகளையும் எடுத்துப்போய்விடுகிறார்கள். தம்பதி பொலிஸுக்குப் போகிறார்கள். தோட்டத்துத் தமிழர் சிலர் பிடித்துவரப்படுகிறார்கள். கேசவ் அடையாளம் காட்டுகிறான். அவர்களில் ஒருவர் இறந்துபோகிறார். அதற்குப் பிறகு மலை அமைதியாக இருப்பதில்லை.

ரொஷான் மெத்யூவின் கேசவ்

ரொஷான் மெத்யூவுக்கு இந்தப் படத்தில் கிடைத்திருப்பது மிகக் கடினமான வேலை. கேசவ் வில்லன் அல்ல. மனைவியை நேசிப்பவன், சிரிக்கத் தெரிந்தவன், படித்தவன். அவனைப் பார்த்ததும் பிடிக்காமல் போய்விட்டால் படம் அங்கேயே தோற்றுவிடும். பிடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்காமல் போக வேண்டும். எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று பார்ப்பவருக்கே சொல்லத் தெரியாமல் இருக்க வேண்டும்.

இதை அவர் குரலை வைத்துச் சாதிக்கிறார். முதல் பகுதியில் கேசவ் பேசும் விதத்தில் ஓர் இளக்கம் இருக்கிறது. கொள்ளைக்குப் பிறகு அதே குரலில் ஓர் அவசரம் ஏறுகிறது. பொலிஸ் நிலையத்தில் அவன் கத்துவதில்லை. காசு கொடுத்த வாடிக்கையாளர் சேவை சரியில்லை என்று முறையிடுவதைப் போலப் பேசுகிறான். தொலைந்த கணினியில் அவனது வேலை இருக்கிறது. புதிதாக வந்த வாய்ப்பு அதில் தொங்குகிறது. அவனது பதற்றம் நியாயமானதுதான் என்று நமக்கும் தோன்றுகிறது. அப்படித் தோன்றவைத்ததுதான் ரொஷானின் வெற்றி. ஏனென்றால் அந்த நியாயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அநியாயம் உள்ளே வருகிறது.

பிடிபட்டவர்கள் முன்னால் நிறுத்தப்படும்போது கேசவுக்குச் சந்தேகமே வருவதில்லையா? வருகிறது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் சந்தேகம் அவனுக்குக் கட்டுப்படியாகாது. சந்தேகப்பட்டால் விசாரணை மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். கணினி இன்னும் தூரமாகிவிடும். இவ்வளவையும் ரொஷான் வசனமே இல்லாமல், கண்ணைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தியே காட்டிவிடுகிறார். ‘கப்பேலா’, ‘டார்லிங்ஸ்’ படங்களில் அவரைப் பார்த்தவர்களுக்கு, பார்ப்பவரின் நம்பிக்கையோடு விளையாடத் தெரிந்த நடிகர் இவர் என்பது நினைவிருக்கும்.

தர்ஷனா ராஜேந்திரனின் அம்ரிதா

தர்ஷனா ராஜேந்திரன் இதற்கு நேரெதிரான வழியில் போகிறார். 2022இல் வெளியான ‘ஜய ஜய ஜய ஜய ஹே’ படத்தில் அடிக்கும் கணவனைத் திருப்பி அடிக்கும் மனைவியாக அவரைப் பலர் கொண்டாடினார்கள். அம்ரிதாவுக்கு அந்த மாதிரியான விடுதலைக் காட்சிகள் எதுவும் இல்லை. அவள் பார்க்கிறாள். கேட்கிறாள். கணவன் சொல்லும் பொய்க்கும் தன் மௌனத்துக்கும் இடையில் நிற்கிறாள்.

விதானகேயும் ராஜீவ் ரவியும் அவளது முகத்தில் அதிக நேரம் தங்குகிறார்கள். கேசவ் பேசும்போதுகூட நாம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மலையில் ஒரு மரையை அவள் நேருக்கு நேர் பார்க்கும் காட்சியும், வேட்டைக்குப் போன இடத்தில் சுட ஆசைப்படும் கணவனைத் தடுக்கும் காட்சியும், பின்னால் வரப்போவதற்கான ஒத்திகைகள். அங்கே விலங்கு, பிறகு மனிதன். அவளால் முதலாவதைத் தடுக்க முடிகிறது.

இந்த இடத்தில் ஒரு சுவீடன் படம் நினைவுக்கு வருகிறது. 2014இல் ரூபன் ஒஸ்ட்லண்ட் இயக்கிய ‘போர்ஸ் மஜூர்’. பனிமலைக்கு விடுமுறைக்குப் போன குடும்பம். பனிச்சரிவு வருவதுபோலத் தோன்றும் ஒரு கணத்தில், மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கணவன் ஓடிவிடுகிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மனைவியின் கண்ணில் அவன் பழைய ஆளாகத் திரும்பி வர முடிவதில்லை. ‘பாரடைஸ்’ அம்ரிதாவுக்கும் அதேதான் நடக்கிறது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சுவீடன் படத்தில் கணவனின் கோழைத்தனத்துக்கு விலை கொடுப்பது அந்தக் குடும்பம் மட்டும். இங்கே விலை கொடுப்பவர்கள் அந்தக் குடும்பத்துக்கு யாருமே இல்லாதவர்கள்.

அம்ரிதாவை நல்லவளாக மட்டும் பார்த்துவிட்டு நகர முடியாது என்பதும் தர்ஷனாவின் நடிப்பில் இருக்கிறது. அவளுக்குத் தெரிகிறது. தெரிந்தும், பேச வேண்டிய நேரத்தில் பேச வேண்டிய அளவுக்குப் பேசவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி அவளது தோளில் ஏறி உட்காருவதை, அவள் நடக்கும் விதத்திலேயே காண முடிகிறது.

மகேந்திர பெரேராவின் சார்ஜன்ட்

சார்ஜன்ட் பண்டாரவாக வரும் மகேந்திர பெரேரா சிங்கள மேடையிலும் சினிமாவிலும் பழுத்த நடிகர். இந்தப் படத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியவர் அவர்தான். காரணம், அவர் பயமுறுத்த முயலவே இல்லை. களைத்துப்போன, வீட்டில் பிரச்சினைகள் உள்ள, மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டிய ஓர் அரசாங்க ஊழியனின் உடல் அது. விருந்தாளிகளிடம் பணிவு. பிடித்துவந்தவர்களிடம் வேறொரு கை. இரண்டுக்கும் இடையில் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடிப்பதும் அவருக்கு ஒரு கோப்பை முடித்துக் கொடுக்கும் வேலைதான்.

மலையகத்தில் பொலிஸ் நிலைய வாசலில் காத்திருந்த யாருக்கும் இந்த மனிதனைத் தெரியும். சினிமாவில் வழக்கமாக வரும் மீசை முறுக்கும் கொடிய அதிகாரியாக அவரைக் காட்டியிருந்தால், ‘அவன் கெட்டவன்’ என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாகப் போயிருப்போம். மகேந்திர பெரேரா அந்த நிம்மதியைத் தருவதில்லை. சுற்றுலாப் பயணி அழுத்தம் கொடுக்கிறார். சார்ஜன்ட் யாரையாவது கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கொண்டுவந்து நிறுத்த மிக எளிதானவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். இந்த மூன்று வரிக் கணக்கில் ஒரு உயிர் போய்விடுகிறது.

ஷியாம் பெர்னாண்டோ: இரண்டு படங்கள், ஒரே நடிகர்

தம்பதியின் வழிகாட்டியும் வாகன ஓட்டுனருமான அன்ட்ரூவாக வருபவர் ஷியாம் பெர்னாண்டோ. விதானகேயின் ‘ஒப நதுவ ஒப எக்க’ படத்தின் நாயகனும் இவரே. தஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவல் ஒன்றைத் தழுவி எடுக்கப்பட்ட அந்தப் படமும் மலைநாட்டில்தான் நடக்கிறது. அடகுக்கடைக்காரன் சரத்சிறி ஒரு சிங்களவன், முன்னாள் இராணுவச் சிப்பாய். போரிலிருந்து காப்பாற்ற வடக்கிலிருந்து மலைக்கு அனுப்பப்பட்ட தமிழ்ப் பெண் செல்வியை அவன் திருமணம் செய்கிறான். தன் கடந்த காலத்தை அவளிடம் மறைக்கிறான். செல்வியாக நடித்த இந்திய நடிகை அஞ்சலி பாட்டீலுக்கு, 2012 கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் விருது கிடைத்தது.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஷியாம் பெர்னாண்டோவின் திறமை புரியும். சரத்சிறி பேசாதவன், அவனது மௌனத்துக்குள் ஒரு குற்றம் பூட்டிக் கிடக்கிறது. அன்ட்ரூ பேசிக்கொண்டே இருப்பவன். அவனது பேச்சுக்குள் எதுவும் பிடிபடுவதில்லை. இராவணன் கதையைச் சொல்லும் அதே இதமான குரலில் பொலிஸாரின் சிங்களத்தை விருந்தாளிகளுக்கு மொழிபெயர்க்கிறான். யார் பக்கம் நிற்கிறான்? காசு தருபவர் பக்கமா, தன் நாட்டின் பக்கமா, உண்மையின் பக்கமா? ஒவ்வொரு காட்சியிலும் பதில் கொஞ்சம் மாறுகிறது. நெருக்கடிக் காலத்தில் ஒரு சுற்றுலாக் குழுவை இழந்தால் மாத வருமானமே போய்விடும் என்ற நிலையில் இருப்பவனின் புன்னகை அது.

மொழிபெயர்ப்பாளன் இருக்கிறான் என்பதே இங்கே ஒரு விடயம். மலையாளம் பேசும் தம்பதிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் உண்டு. 1987இன் 13ஆவது திருத்தத்தில் தமிழ் ஆட்சிமொழியானது. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஆனாலும் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன். அந்தக் காட்சிகளில் அன்ட்ரூவின் குரல் ஒலிக்கும்போதெல்லாம், பிடிபட்டவர்களுக்கு அப்படியொரு குரல் இல்லை என்பதே எனக்குக் கேட்டது.

‘இவர்கள்தானா?’

அடையாளம் காட்டும் காட்சிக்குத் திரும்பி வருகிறேன். நமது சட்டத்தில் அடையாள அணிவகுப்பு என்பது நீதவான் முன்னிலையில் நடக்க வேண்டிய ஒன்று. சந்தேகநபரை அவரைப் போன்ற தோற்றமுள்ள வேறு பலரோடு நிறுத்த வேண்டும். சாட்சி அதற்கு முன்னர் அவரைப் பொலிஸ் காவலில் பார்த்திருக்கக் கூடாது. பார்த்திருந்தால் அந்த அடையாளத்தின் மதிப்பே கேள்விக்குள்ளாகும். பொலிஸார் பிடித்துவந்த ஆட்களை மட்டும் நிறுத்தி “இவர்கள்தானா?” என்று கேட்பது, பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்கும் கேள்வி.

நல்ல வெளிச்சத்தில், கவனமாக முகத்தைப் பார்த்த சாட்சிகளே தவறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலைனாவில் 1984இல் பாலியல் வன்முறைக்கு உள்ளான ஜெனிபர் தொம்சன், தாக்கியவனின் முகத்தை வேண்டுமென்றே மனதில் பதித்துக்கொண்டவர். அவர் உறுதியாக அடையாளம் காட்டிய ரொனால்ட் கொட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1995இல் மரபணுப் பரிசோதனை, குற்றவாளி வேறொருவர் என்று காட்டியது. அந்த நாட்டில் மரபணு மூலம் நிரபராதிகள் என்று நிரூபிக்கப்பட்டவர்களின் வழக்குகளில், ஏறத்தாழ பத்தில் ஏழில் கண்கண்ட சாட்சியின் தவறான அடையாளம் இருந்திருக்கிறது. தொம்சன் நேர்மையாகத் தவறினார். கேசவ் காட்டும் உறுதியில் அந்த நேர்மைகூட இல்லை. பயத்தின் நடுவே, இரவில் சில நிமிடங்கள் பார்த்ததை வைத்து, பொருள் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் அவன் தலையை ஆட்டுகிறான்.

அடியைப் பொறுத்தவரையும் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சமவாயச் சட்டத்தின்படி, குற்றவாளியாகும் அதிகாரிக்கு ஏழு முதல் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை. காகிதத்தில் இருக்கும் இந்தச் சொற்களுக்கும் பண்டாரவின் மேசைக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் படம் காட்டுகிறது.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். தொலைந்த மடிக்கணினியின் விலை மூன்று இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2022இல் ஒரு கொழுந்து பறிப்பவருக்கு அது 300 நாள் சம்பளம். ஒரு நாளும் தவறாமல் மலையேறினால் ஏறத்தாழ ஒரு வருடம். கேசவுக்கு அது காப்புறுதியில் திரும்ப வாங்கக்கூடிய பொருள்.

படம் நுழையாத வீடு

இந்தப் படத்தை எங்கள் லயத்தில் சிலரோடு சேர்ந்து மடிக்கணினியில் பார்த்தேன். ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கடைசி வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்த பிறகு சொன்னார்: “அந்தப் புள்ளைங்க ரெண்டு பேரும் சாப்புடுறத எத்தன தடவ காட்டுனாங்க. இவனுங்க வீட்டுல அன்னிக்கி என்னா வெந்துச்சின்னு காட்டவே இல்லியே.”

நான் வாசித்த எந்த விமர்சனத்தையும்விட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. படம் பெரும்பாலும் கேசவும் அம்ரிதாவும் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரிகிறது. உளவியல் திரில்லருக்கு அது ஒரு பலம்: வெளியாளின் குறைந்த பார்வைக்குள் நம்மையும் அடைத்துவைத்து, தப்பிக்க முடியாமல் செய்கிறது. ஆனால் அதன் இன்னொரு விளைவு, மனம் என்ற ஒன்று விருந்தாளிகளுக்கும் வழிகாட்டிக்கும் சார்ஜன்டுக்கும் மட்டுமே இருப்பதுபோல ஆகிவிடுகிறது. தோட்டத்து மனிதர்களுக்கு அடிபட ஓர் உடல் இருக்கிறது. பிறகு கோபப்பட ஒரு கூட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு மனிதனுக்கு என்ன தோன்றும் என்பதற்கு அங்கே இடமில்லை.

விடுதிப் பணியாளர்களாக வரும் ஸ்ரீயும் இக்பாலும் இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடு செய்கிறார்கள். குறிப்பாக ஸ்ரீயாக நடிக்கும் சுமித் இளங்கோ. சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் நடக்கும் ஓர் ஊழியனின் எச்சரிக்கையை, எதைக் கேட்டாலும் முதலில் ஒரு கணம் யோசிக்கும் அந்தப் பழக்கத்தை, அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். கொள்ளை நடந்த வீட்டில் வேலை செய்யும் தமிழன் தன்மீது விழக்கூடிய சந்தேகத்தை எப்படிச் சுமப்பான் என்பதை அவரது முதுகே சொல்கிறது. அவரை இன்னும் கொஞ்ச நேரம் பின்தொடர்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

விதானகேயின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்களது லயத்துக்குள் புகுந்து நாலு சோகக் காட்சி எடுத்து, வயலின் வாசித்து, பார்ப்பவரை அழவைத்து அனுப்புவது எளிது. அவர் அதைச் செய்யவில்லை. அடி கொடுத்த கையையும் அதற்கு அனுமதி கொடுத்த வாயையும் விட்டுக் கமராவை நகர்த்தாமல் வைத்திருக்கிறார். பாதிக்கப்பட்டவரைப் பார்த்து இரக்கப்படும் வாய்ப்பைத் தராமல், பாதிப்புக்குக் காரணமானவரின் பக்கத்தில் நம்மை உட்காரவைக்கிறார். அந்தத் தேர்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் அக்கா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

இராவணன் இருந்த மாவட்டம்

படம் முழுக்க இராமாயணம் ஓடுகிறது. எங்கள் மாவட்டத்து எல்லயில் இருக்கும் இராவணன் குகையும் நீர்வீழ்ச்சியும், வெலிமடைப் பக்கம் சீதை அக்கினிப் பிரவேசம் செய்ததாகச் சொல்லப்படும் திவுரும்பொலவும், நுவரெலியா சீதா எலியவும் இன்று ‘இராமாயணத் தடம்’ என்ற பெயரில் இந்தியப் பயணிகளுக்கு விற்கப்படுகின்றன. கேசவும் அம்ரிதாவும் அந்தத் தடத்தில்தான் போகிறார்கள். அன்ட்ரூ தனக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறான். இராமாயணம் ஒன்றல்ல, பல உண்டு என்று அம்ரிதா பதில் சொல்கிறாள். இராமனை எதிர்பாராமல் சீதையே இராவணனை எதிர்கொள்ளும் இராமாயணங்களும் உண்டு. சமஸ்கிருத ‘அற்புத இராமாயண’த்தில் ஆயிரம் தலை இராவணனைக் கொல்பவள் சீதைதான். படம் எங்கே போகப்போகிறது என்பதற்கான சாவி அந்த உரையாடலில் இருக்கிறது. அதைத் தர்ஷனா ஒரு சாதாரணப் பேச்சாக விட்டுவிட்டுப் போகிறார்.

தடத்தின் இருபுறமும் தேயிலை. அந்தத் தேயிலைக்குள் இரு நூற்றாண்டுகளாக வாழ்பவர்களைப் பற்றி அந்தச் சுற்றுலாக் கதையில் ஒரு வரியும் இல்லை. புராணத்துக்கு வழிகாட்டிப் பலகை உண்டு; லயத்துக்கு இல்லை. மடுல்சீமைக்கும் இப்போது பயணிகள் வருகிறார்கள். ‘சின்ன உலக முடிவு’ என்று அழைக்கும் மலை விளிம்பில் கூடாரம் அடித்து விடியலைப் பார்க்கிறார்கள். வரட்டும், நல்லதுதான், பொடியன்கள் சிலருக்கு அதனால் வேலையும் கிடைக்கிறது. ஆனால் அங்கே யாருக்காவது ஒரு தொலைபேசி காணாமல் போனால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் இந்தப் படத்தை மலையகத்தில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாடசாலைகளில், வாசிகசாலைகளில், இளைஞர் கழகங்களில் திரையிட்டுப் பேச வேண்டும். பார்த்துவிட்டுக் கோபப்பட மட்டும் அல்ல. பிடிபட்டால் சட்டத்தரணியை நாட உரிமை உண்டு, தமிழில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமை உண்டு, நீதவான் இல்லாமல் யாரோ ஒருவர் முன்னால் நிறுத்தி “இவன்தானா” என்று கேட்பது அடையாள அணிவகுப்பு ஆகாது என்பதையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. கூடவே அந்த அக்காவின் கேள்வியையும் அவர்களிடம் கொடுக்கலாம். அன்றிரவு அந்த வீட்டில் என்ன வெந்தது என்று காட்டும் படத்தை அவர்களில் ஒருவர் எடுக்கட்டும்.